துண்டுக்கு அடியில்

மாட்டுத் தரகர்கள் வாயால் விலை பேசுவதில்லை. துண்டுக்குள் கையை விட்டு, ஒருவர் விரலை ஒருவர் அழுத்துவார்கள். எந்த விரலுக்கு என்ன விலை என்பதைக் கட்டிய பெண்டாட்டியிடம்கூட என் வீட்டுக்காரர் சொன்னதில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடுவாராக்கும்!

எண்பதுகளின் தொடக்கம். சந்தை இல்லாத நாளில் போடியிலிருந்து ஜீப்பேறி, ஏலக்காய்த் தோட்டத்தில் நிழல் மரங்களின் கிளை கழிக்கப் போனார். கை வலிக்கிறதென்று அரிவாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டாராம் மகாராசன். வெட்டு, கிளையைப் பிடித்திருந்த வலது மணிக்கட்டில் விழுந்தது.

மதுரையில் டாக்டர் அறுந்த நரம்பை முடியைவிட மெல்லிய நூலால் தைத்தார். "தைச்சாச்சும்மா. ஆனா தையலுக்குக் கீழே இருக்கற இழை செத்துப்போகும். புதுசா வளர்ந்து விரலுக்கு வரணும். மாசத்துக்கு ஒரு அங்குலம்தான்" என்றார். என் வீட்டுப் பீர்க்கங்கொடி ஒரே ராத்திரியில் அதைவிட அதிகம் ஓடும்.

சில மாதம் கழித்து, விரலில் எறும்பு ஊர்கிறது, ஷாக் அடிக்கிறது என்று கத்தினார். அது நல்ல அறிகுறியாம். நல்லது நடக்கும்போதும் கத்துகிற மனுஷன் இவர் ஒருவர்தான்.

உணர்ச்சி வந்ததும் சந்தைக்கு ஓடினார். எதிராளி ஆட்காட்டி விரலை அழுத்த, இவருக்கு நடுவிரலை அழுத்தியதாகத் தெரிந்திருக்கிறது. தப்பான விலைக்குத் தலையாட்டிவிட்டார். துண்டு மூடியிருக்கையில் கண்ணால் பார்த்துத் திருத்தவும் வழியில்லை. "இனி எந்தச் சோலிக்கும் ஆக மாட்டேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்குப் பயம் பிடித்தது. அந்தக் கையை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

புது இழைகள் விரல் மாறிப் போய்ச் சேர்ந்திருக்கின்றன, மூளையைத்தான் பழக்க வேண்டும் என்றார் டாக்டர். கண்ணை மூடச்சொல்லி, தினமும் விரலைத் தொட்டுக் கேட்கச் சொன்னார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் மடியில் துண்டை விரித்து அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.

"இது எந்த வெரலு?"

"நடுவெரலு."

"இல்ல. கண்ணத் தொறந்து பாருங்க. இப்ப மூடுங்க."

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன மதினி, மாட்டுப் பேரமா?" என்று சிரிப்பாள். மணவறையில் ஒருமுறை பிடித்த கை. அதற்குப் பிறகு இப்போதுதான். பழகப் பழக, விலை ரகசியத்தையும் ஒவ்வொரு விரலாகச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு நாள் எல்லா விரலையும் சரியாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த சந்தையில் நல்ல பேரம் முடித்துச் சிரித்தபடி வந்தார். வழக்கம்போல் துண்டை விரித்து உட்கார்ந்தேன்.

"அதான் சரியாயிருச்சுல்ல?" என்று துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கை குணமாக வேண்டுமென்று நேர்ந்துகொண்டவளும் நான்தான். மாரியம்மனுக்குத் தேங்காயைச் சற்று ஓங்கியே உடைத்தேன்.