வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர்?

இது 1973-ல் நடந்தது. பாக்கியமேரிக்குக் கதை கட்டத் தெரியாது. அடுத்தவர் எழுதியதைச் சந்தேகப்படுவதுதான் அவள் பார்த்த வேலையே. அப்படிப்பட்டவள் மாதா மேல் சத்தியம் செய்து சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன். பகலில் என்ன பேய் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இதில் எல்லாமே பகலில்தான் நடந்தது.

தர்மபுரியில் அப்போது புது ரேஷன் கார்டுக்காகக் குடும்பப் படிவங்களைச் சரிபார்க்க ஒரு தற்காலிக ஆபீஸ் போட்டிருந்தார்கள். பாக்கியமேரிக்கு அங்கேதான் வேலை. பாரம் என்று எல்லாரும் சொன்ன அந்தப் படிவம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். சரிபார்த்து மதராஸுக்கு அனுப்பினால், அங்கே அட்டையில் துளை போட்டு எந்திரத்தில் கொடுப்பார்கள். எந்திரத்துக்கு ஆளைப் பார்த்து விட்டுக்கொடுக்கத் தெரியாது. வயதுக் கட்டத்தில் இரண்டு இலக்கம் இருந்தாக வேண்டும். ஒன்பது வயது என்றால் 09. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. மேலே ‘வீட்டில் இருப்பவர்கள்’ என்ற கட்டத்தில் என்ன எண்ணோ, கீழே அத்தனை வரி நிரம்பியிருக்க வேண்டும். ஒன்று இடித்தாலும் எந்திரம் நின்றுவிடும்.

மாதக் கடைசியில் ஒருவரை மட்டும் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. சூப்பர்வைசர் சென்னப்பன் அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டார். “சித்தேரிக் கட்டு உங்களுதுங்க. ஒரு பாரத்துல எந்திரம் நின்னாலும் வேலை இல்லீங்க.” அந்த வேலையை நம்பித்தான் பாக்கியமேரி வீட்டில் அடுப்பு எரிந்தது.

சித்தேரி மலைக் கிராமத்துக் கட்டில் 140 படிவங்கள். 139 தேறிவிட்டன. ஒன்று இடித்தது. செல்லி என்பவளின் வீடு. மேலே 6. கீழே ஐந்து பெயர்கள். ஆறாவது வரியில் பெயர் இல்லை. 2 என்றும் 09 என்றும் மட்டும் இருந்தது. கூடுதலாக ஒரு பங்கு சர்க்கரை வாங்க, இல்லாத ஆளை எழுதிவிடுவது அந்தக் காலத்தில் சகஜம். எழுதியது மலைப் பள்ளிக்கூட வாத்தியார் முனிராஜ். அவரை வரவழைத்தாள்.

“நான் அஞ்சுன்னுதாங்க எழுதினேன்” என்றார்.

“அப்போ இது யார் கையெழுத்துங்க?”

“என்னுதுதாங்க. ஆனா நான் எழுதலைங்க.”

நல்லா நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்துத் தன் எதிரிலேயே எழுத வைத்தாள். 5. ஐந்து வரி. வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். அப்போது மணி 1.15. சாப்பிட்டு வந்து 2.05-க்குத் திறந்தாள்.

6.

அழித்த தடம் இல்லை. அதே நீல மை... அதே கையெழுத்து. ஒரு சாவி அவள் இடுப்பில் இருந்தது. இன்னொன்று சென்னப்பனிடம். தன்னைக் கழித்துக்கட்ட அவரும் வாத்தியாரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினாள். அவளா விடுவாள்? சனிக்கிழமை காலையிலேயே அரூர் போய் மலை பஸ் பிடித்தாள்.

செல்லியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது 12.40. உச்சி வெயில். எல்லாரையும் வாசலில் வரிசையாக நிற்கச் சொன்னாள். செல்லி, புருஷன், மாமியார், இரண்டு பையன்கள். விரல் விட்டு எண்ணினாள். ஐந்து பேர்தான்.

ஆனால் பையன்களுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் இருந்தது.

“நெருங்கி நில்லுங்கப்பா.”

“நெருங்கித்தானுங்க நிக்கிறோம்” என்றான் பெரியவன்.

அவளுக்கு எரிச்சல் வந்தது. “பாரத்துல இருக்கற பொம்பளப் புள்ள எங்கீங்க?”

செல்லி தலை குனிந்துகொண்டாள். “போன பங்குனில காச்சல்ல போயிருச்சுங்க.”

“அப்பறம் எப்படிங்க ஆறு?”

“வூட்ல இருக்கறவங்கன்னுதானுங்களே போட்டிருக்குது? உசுரோட இருக்கறவங்கன்னு போடலைங்களே.” செல்லி குரலைத் தாழ்த்தினாள். “பேரு மட்டும் கேக்காதீங்க. சொன்னா அழுவும்.”

பாக்கியமேரி ஓர் அடி பின்னால் வைத்தாள். இருந்தாலும் வேலை போய்விடுமே. புதுப் படிவத்தில் தானே 5 என்று எழுதிக் கைநாட்டு வாங்கினாள். சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றிருந்தது. யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் மரியாதைக்குச் சொல்வதைத்தான் அங்கேயும் சொன்னாள்.

“போயிட்டு வரேனுங்க. இண்டூர்ப் பக்கம் வந்தா எல்லாரும் எங்க வூட்டுக்கு வாங்க.”

பையன்கள் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார்கள்...

பிறகு நெருங்கி நின்றார்கள்.

பஸ்ஸில் நாலு தடவை படிவத்தை எடுத்துப் பார்த்தாள். 5. திங்கட்கிழமையும் 5. கட்டு மதராஸ் போனது. எந்திரம் நிற்கவில்லை. மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானது. பைத்தியக்காரத்தனமாகப் பயந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்து இண்டூர்க் கட்டு வந்தது. காலை 11.20. அதில் அவள் வீட்டுப் படிவமும் இருந்தது. அவள் ஆபீஸில் இருந்த நேரத்தில் அம்மா ரோசம்மாள் சொல்லச் சொல்ல ஊர் வாத்தியார் எழுதியது. அந்த வீட்டில் இருப்பது அம்மாவும் அவளும்தான்.

மேலே 3.

மூன்றாவது வரியில் பெயர் இல்லை.

2... 09...

சென்னப்பன்தான் விளையாடுகிறார். வேறு யார்? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழையும்போது 5.30. அம்மா அடுப்படியில் இருந்தாள்.

“பாரத்துக்கு எத்தன பேருன்னும்மா சொன்னே?”

“மூணு.”

“மூணா... யாரும்மா?”

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“அன்னைக்கு மலையில இருந்து உன் பின்னாலயே வந்துச்சே, அந்தப் புள்ளதான். நீ கூட்டியாந்தேன்னு நெனச்சேன். தெனமும் உன் பாய்லதானேடி படுக்குது?”