ராகிக் கொல்லையில் ஒரு பாய்மரப் படகு

ஓசூரில் பாய்மரப் படகு வைத்திருந்தேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கடல் இல்லாத ஊரில் காற்றும் இல்லையா? ஆடி மாதம் எங்கள் காலனியில் தகரக் கூரை பறக்கிற மாதிரி அடிக்கும். தண்ணீருக்கு டேம் இருந்தது. படகு செய்ய எனக்குத் தெரியும். வேறென்ன வேண்டும்?

நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரன். ஊர் ஏக்கத்தில் படகு கட்டினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மீன் கவிச்சியும் பங்காளிச் சண்டையும் போதும் என்றுதான் பஸ் ஏறினேன். இங்கே ஃபைபர் கம்பெனியில் வேலை. லாரி முகப்பு, பஸ் சீட்டு முதுகு, தண்ணீர்த் தொட்டி என்று அச்சில் மெழுகு தடவி, ஃபைபர் மேட் விரித்து, ரெசின் பசை ஊற்றி உருளையால் உருட்ட வேண்டும். உடம்பெல்லாம் அரிக்கும். டீக்கு மணி, சோற்றுக்கு மணி. கக்கூஸ் போக சூப்பர்வைசரைக் கேட்க வேண்டும். யாரையும் கேட்காமல் கிளம்பிப் போகிற ஒரு பொருள் எனக்கு வேண்டியிருந்தது. அதற்குத்தான் படகு.

அடி தட்டையாக, இரண்டு பேர் தாராளமாக உட்காரும் அளவில் செய்தேன். பாய்மரம் அலுமினியக் குழாய். ஃப்ளெக்ஸ் பேனர் புதிதாக வந்திருந்த காலம் அது. யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்துப் பேனரை வாங்கி, வெட்டித் தைத்து, வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி பாய் கட்டினேன். வெயில் பின்னால் விழுந்தால் அந்தக் குழந்தை மொட்டைத் தலையோடு பாயில் தெரியும்.

அடுத்த கேள்வி, அதை எங்கே நிறுத்துவது. படகு வைத்திருக்கிறவனுக்கு ஓட்டுவதைவிடப் பெரிய தலைவலி இதுதான்.

டேமில் படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் உள்ளூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், பெங்களூரிலிருந்து வருகிறவர்களிடம் கன்னடம் பேசுவார். நீல டிரம்களின் மேல் பலகை அடித்து மிதக்கும் துறை போட்டிருந்தார். அதில் லாயம் மாதிரி தடுப்பு தடுப்பாக வாத்துப் படகுகள் நிற்கும். ஒரு பஜ்ஜிக் கடை, ஒரு மைக், ஒரு இரும்பு கேட்.

"காசே வேணாம் அண்ணாச்சி. என் துறையில நிறுத்துங்க. பெங்களூர் ஜனம் பார்த்தா சந்தோஷப்படும்" என்றார்.

நிறுத்தினேன். சொகுசு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கால் நனையாமல் ஏறலாம். இரண்டு பக்கமும் கட்டிவிட்டால் படகு அசையாது. வாட்ச்மேன் உண்டு. என் மனைவி செருப்போடு ஏறி உட்கார்ந்தாள்.

ஆனால் சாயங்காலம் கேட்டை மூடிவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ் பிடித்து, அங்கிருந்து சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்ந்தால், நல்ல காற்று எழும்பும் நேரத்தில் பூட்டுத் தொங்கும். கேட்டுக்கு வெளியே நின்று என் படகை நானே பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே இருந்தாலும் பாய்மரத்தை மடக்கு, வாத்துப் படகுக்கு இடிக்கிறது என்பார்கள். டிரம்மில் உரசி உரசி விளிம்பு வெள்ளையாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் என் பாய் பஜ்ஜிக் கடைக்கு நிழல் பந்தலாகக் கட்டியிருந்தது. மொட்டைக் குழந்தை தலைகீழாகத் தொங்கியது. எண்ணெய்ச் சட்டிப் புகை நேராக அதன் மூக்கில் ஏறியது.

"என்ன இது?" என்றேன்.

"சும்மாதானே கெடந்துச்சு. வெயில் பாருங்க அண்ணாச்சி."

"சும்மா கிடந்தா? உங்க வேட்டி கொடியில சும்மாதான் கிடக்கு. எடுத்து இலை துடைக்கவா?"

"கோவப்படாதீங்க. ஃப்ரீயாத்தானே வச்சிருக்கேன்."

அந்த ஃப்ரீதான் வினை. காசு வாங்கியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். பாயை அவிழ்த்துக்கொண்டு அன்றைக்கே படகை வெளியே எடுத்தேன்.

பிறகு கல், தண்ணீருக்கடியில் நங்கூரமாகப் போட. இந்தப் பக்கம் கிரானைட் உடைசலுக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, விரிசல் விட்டதால் ரோட்டோரம் தள்ளிய கல் ஒன்று கிடைத்தது. அதில் இரும்பு வளையம் மாட்டி, இரண்டு லாரி டியூபுக்கு நடுவே பலகை கட்டி, கல்லை அதன் மேல் ஏற்றித் தண்ணீர் நடுவே மிதக்கவிட்டுக் கொண்டுபோனோம். கூட வந்தது என்னோடு வேலை பார்த்த ஊத்தங்கரைக்காரன். நீச்சல் தெரியாது. கல் 'தொபுக்' என்று இறங்கியதும் பலகை ஒரு துள்ளு துள்ளியது.

"அண்ணே, கல்லு போயிருச்சு. நானும் போவணுமா?" என்றான்.

"டியூபைப் பிடிலே."

"புடிச்சிக்கினுதான் இருக்கேன். அது என்னைப் புடிக்க மாட்டேங்குது."

கல்லிலிருந்து நைலான் கயிறு, கயிற்றின் நுனியில் ரெசின் கேன் மிதவை, மிதவையில் படகின் மூக்கு. அவ்வளவுதான். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் படகு தானே திரும்பி அதன் முகத்தைப் பார்த்து நிற்கும். பாயை ஏற்று, கயிற்றை விடு, போ. யாரிடமும் சொல்ல வேண்டாம். துறையில் கட்டிய படகு மாடு. கல்லில் கட்டிய படகு காவல் நாய், கட்டு இருந்தாலும் காதும் மூக்கும் அதனுடையது.

கஷ்டம் இல்லாமல் இல்லை. கரையிலிருந்து படகுக்குப் போக லாரி டியூப்தான். இடுப்பு வரை நனையும். ஆற்றோடு வரும் பெங்களூர்ச் சாக்கடை நுரை ஒட்டினால் கம்பெனி அரிப்பே தேவலை. படகு முழுக்க நீர்க்காகம் எச்சம் போட்டு வைக்கும். மனைவிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"கேட்டுக்குள்ள நின்னா களவு பயம் கிடையாது. நானும் சேலை நனையாம ஏறுவேன். ஒத்தக் கல்லுல கட்டிட்டு வந்து, காத்து அடிச்சா அத்து போச்சோ, அத்து போச்சோனு ராத்திரியெல்லாம் படுக்கையில பொரளுதீய. இது என்ன சொகம்?"

"என் சொகம்."

"அப்போ நீங்களே குளிங்க."

கோடை வந்தது. டேமிலிருந்து பாசன வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். கரை அகலமாவதைப் பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் வற்றினால் அதே நாளில் தானே திரும்பி வரும். அந்தக் கடற்கரைக்காரன் புத்தி மாறவில்லை. கம்பெனியில் பெரிய ஆர்டர் விழுந்து, ஞாயிறும் வேலை என்று ஆகி, பல வாரம் டேம் பக்கமே போகவில்லை.

போனபோது என் படகு வயலில் நின்றது. சுற்றிலும் கணுக்கால் உயரத்துக்கு ராகிப் பயிர். படகை ஒட்டி ஒரு சாண்கூட விடாமல் விதைத்திருந்தார்கள். சுக்கானில் ஒரு ஆடு கட்டியிருந்தது. பாய்மரத்தில் தூக்குச்சட்டி தொங்கியது. டேம் வற்றினால் கரையோர ஜனம் ஈர மண்ணில் பயிர் வைப்பது இங்கே வழக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். என் வயது இருக்கும். கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழ்.

"ஏனப்பா, உன்னுதா இது?"

"ஆமா."

"எடுத்துக்கினு போ."

"எப்படி? தலையில வச்சா?"

"அப்போ எதுக்கு என் கொல்லையில போட்டே?"

"நான் போட்டப்போ இது கொல்லை இல்லம்மா, தண்ணி."

"நான் விதைச்சப்போ இது தண்ணி இல்லப்பா, கொல்லை."

இரண்டும் உண்மை. ஆட்டை மட்டும் அவிழ்த்து வேறிடத்தில் கட்டச் சொன்னேன். முடியாது என்றாள்.

கம்பெனியில் விஷயம் பரவியது. ஊத்தங்கரைக்காரன்தான் பரப்பினான். "அண்ணே, கப்பல் இப்போ எந்தத் துறைமுகம்?" என்று ஒருவன் கேட்பான். "ராகித் துறைமுகம்" என்று இன்னொருவன் சொல்வான். கேன்டீனில் ராகிக் களி போட்டால் என் தட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆடி பிறந்தது. காற்று பிசாசு மாதிரி அடித்தது. வருஷத்தில் நல்ல காற்று அதுதான், என் படகு மண்ணில். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு நாள் போய் வயலுக்கு நடுவே பாயை ஏற்றினேன். படகு உதறியது, நகரவில்லை. முழங்கால் உயர ராகி இரண்டு பக்கமும் அலையடித்தது. நான் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எந்தூருக்குப்பா போறே?" என்று கேட்டாள். "உன் வீட்டுக்குத்தான், களி சாப்பிட" என்றேன்.

அப்போதுதான் படகுத்துறைக் குத்தகைக்காரர் வந்தார். தன் துறையைச் சுற்றி மண் எடுத்து ஆழப்படுத்தியிருந்ததால் அங்கே தண்ணீர் இருந்தது.

"டிராக்டர் கொண்டாறேன் அண்ணாச்சி. இழுத்து என் துறையில போட்டுடலாம். இனிமே அங்கதான் நிக்கணும். கல்லு கில்லு வேணாம்."

"ராகி?"

"நடுவுல ஒரு தடம் போவும். அது என்ன அவ பட்டா நெலமா?"

"என் கல்லுக்கும் பட்டா கிடையாது."

"அதான் சொல்றேன். டேம் ஆபீஸ்ல ஒரு வார்த்தை போட்டா ரெண்டு பேரையும் தூக்கிடுவாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறைக்கவில்லை, இரண்டு நாள் யோசிக்கவும் செய்தேன். சீக்கிரம் மழை பெய்தால் படகு மிதக்கும், அவள் ராகி முழுகும். மழை தள்ளிப்போனால் ராகி வீடு சேரும், என் காற்றுக்காலம் போய்விடும். நான் வேண்டியதும் அவள் வேண்டியதும் நேர் எதிர். ஆனால் டிராக்டர் வந்தால் தோற்பது இரண்டு பேரும். என் படகு அவர் பூட்டுக்குள் போகும், அவள் பயிர் சக்கரத்துக்கடியில் போகும், அவர் கடைக்கு நல்ல நிழல் கிடைக்கும்.

பதில் சொல்வதற்குள் ஞாயிற்றுக்கிழமை டிராக்டரோடு வந்துவிட்டார். நானும் மனைவியும் அங்கேதான் இருந்தோம். ராகி கதிர் வாங்கி, இன்னும் பச்சையாக இருந்தது. அந்தப் பெண் அரிவாளோடு ஓடி வந்து படகுக்குள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏத்துடா" என்றாள் டிரைவரிடம். "இழுத்தா என்னையும் சேத்து இழு. அந்த வாத்துப் பக்கத்துல என்னையும் கட்டு. டிக்கெட் போட்டு ஜனம் பாக்கட்டும்."

டிரைவர் இன்ஜினை அணைத்தான். "எனக்கு வம்பு வேணாம்ணா" என்று பீடி பற்ற வைத்தான்.

குத்தகைக்காரர் என் பக்கம் திரும்பினார். "படகு உங்களுது. நீங்க சொல்லுங்க. இன்னிக்கு விட்டா நான் மறுபடி வர மாட்டேன். வெள்ளம் வந்து இழுத்துக்கினு போயி ஷட்டர்ல அடிச்சு ஒடைஞ்சா என்கிட்ட அழக் கூடாது."

"அழ மாட்டேன். வண்டியைத் திருப்புங்க."

"நல்லதுக்குச் சொன்னா கேக்கணும்."

"கம்பெனியில எட்டு மணி நேரம் நல்லதுக்குச் சொல்றவங்களைத்தான் கேட்டுட்டு வர்றேன். இங்கயும் ஒருத்தரா? திருப்புங்கய்யா."

போனார். போகும்போது வேண்டுமென்றே ஓரத்தில் கொஞ்சம் ராகியை மிதித்துவிட்டுத்தான் போனார். என் மனைவி படகிலிருந்து அந்தப் பெண் இறங்கக் கை கொடுத்தாள். பிறகு என்னிடம், "சரி, கேட்டு வேணாம். ஆனா தண்ணி வந்தா என்னைத் தூக்கித்தான் ஏத்தணும், சொல்லிட்டேன்" என்றாள்.

அதன் பிறகு நான் செய்தது ஒன்றே. நீளமாகப் புதுக் கயிறு வாங்கிக் கல்லில் மாற்றினேன். வெள்ளம் வந்தால் கயிறு போதாமல் மூக்கு முழுகக் கூடாது.

ஆவணிக் கடைசியில் பெங்களூரில் மழை பிடித்தது. முதலில் நுரைதான் வந்தது, பழைய ஆற்றுத் தடத்தில் வெள்ளையாக. அந்தப் பெண் தன் ஆட்களைக் கூட்டி வந்து கதிரை மட்டும் அறுத்தாள். கீழே ஈரம் என்பதால் அறுத்த கதிரைப் படகில் குவித்தார்கள். அங்கிருந்து கூடையில் மேட்டுக்குப் போனது. நானும் மனைவியும் சுமந்தோம். பள்ளத்துப் பக்கம் ஒரு பட்டை தண்ணீருக்குப் போய்விட்டது. அதற்கு அவள் என்னைத் திட்டினாள், மழையை நான் பஸ் ஏற்றிக் கூட்டி வந்த மாதிரி. திட்டட்டும் என்று நின்றேன். அவள் போகும்போது, அடுத்த வருஷம் கொல்லைக்கு இடைஞ்சல் இல்லாமல் கல்லைத் தள்ளிப் போடவா என்று கேட்டேன்.

"எதுக்கு? ஆடு கட்ட நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

தண்ணீர் ராகித் தாள் மேல் ஏறியது. படகின் பின்பக்கம் முதலில் எழும்பியது. ஒரு குலுக்கல், ஒரு சத்தம், சேறு விட்டது. கயிறு நிமிர்ந்ததும் மெதுவாகச் சுற்றிக் காற்றின் முகத்தைப் பார்த்து நின்றது. கல் நகரவே இல்லை.

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்ததும் மனைவியைத் தூக்கி ஏற்றினேன். சேலை நனைந்தது, திட்டினாள். ஆடிக் காற்று போய்விட்டது, இருந்தது மிச்சக் காற்று. அது போதும். துறை பக்கமாக ஓட்டினோம். கேட்டைப் பூட்டும் நேரம். குத்தகைக்காரர் மைக்கைப் பிடித்தார்.

"தண்ணியில இருக்கிற படகு எல்லாம் உடனே கரைக்கு வரவும். டைம் முடிஞ்சிருச்சு. பாய் கட்டின படகு, உங்களைத்தான்."

"கூப்பிடுதாரே" என்றாள் மனைவி.

"கூப்பிடட்டும்."

வாத்துப் படகுகள் வரிசையாகத் தடுப்புக்குள் திரும்பின. நான் பாயை மறுபக்கம் மாற்றினேன். சாயங்கால வெயில் பின்னால் விழுந்தது. காது குத்திய மொட்டைக் குழந்தை பாய் முழுக்கத் தெரிந்தது, அவரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக.