மஞ்சள் கயிறு கட்டிய பயற்றங்கொடி

அந்தப் பயற்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வருவதற்கு முந்தின வருஷம் நான் விவசாய இலாகாவின் சோதனைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. வெள்ளைக்காரத் துரை பயற்றம்பூவில் ஒட்டுச் சேர்க்கும்போது அவர் தலைக்குக் குடை பிடிக்க வேண்டும், சேர்த்த பூவில் நூல் கட்டிச் சீட்டுத் தொங்கவிட வேண்டும். அவ்வளவுதான். பாசாரில் விற்கிற நீளப் பயற்றங்காய் ருசியானது, ஆனால் கொடிக்குச் சொற்பம்தான் காய்க்கும். இன்னொரு குட்டை ரகம் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும், வாயில் வைத்தால் நார். இரண்டையும் கலந்து, நீளமும் கொத்தும் ஒரே கொடியில் வரவேண்டும் என்று துரைக்கு ஆசை. பூ விரியுமுன் அதன் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, மற்ற ரகத்தின் தூளைத் தடவுவார். பத்துப் பூவுக்கு எட்டு உதிர்ந்துவிடும். அவர் கெட்ட வார்த்தையில் திட்டும்போதும் குடை அசையக் கூடாது.

ஒருவழியாகக் கலப்பு விதை கிடைத்து, அதை முளைக்கவைத்து, அதிலிருந்து அடுத்த தலைமுறை விதையும் எடுத்தோம். இனிமேல்தான் விஷயமே. அந்த விதைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்தில் வரும். அத்தனையையும் நட்டு, நல்லதாக ஒரே ஒரு கொடியைப் பொறுக்கி, அதன் விதையை மட்டும் பெருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் துரை கப்பலேறிவிட்டார். பின்னால் வந்த அதிகாரிக்கு ரப்பர் நாற்றுதான் எல்லாம். பயற்றுப் பாத்தியைக் கொத்திப் போடச் சொன்னார், விதைப் பொட்டலங்களைக் குப்பையோடு கொளுத்தச் சொன்னார். கொளுத்தப் போன ஆள் நான். ஒரு பொட்டலம் என் கால்சட்டைப் பைக்குள் போனது. திருட்டுத்தான், இல்லை என்று சொல்லவில்லை.

காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முள்கம்பி வேலி. பொட்டலத்தில் பாதியை அதன் ஓரம் நட்டேன். வீட்டில் யாரிடமும் எதற்கென்று சொல்லவில்லை. என் மனைவி நல்லவள்தான், ஆனால் காலையில் அவள் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் குழாயடி முழுக்கத் தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். இலாகாவுக்கு எட்டினால் வேலை போய்விடும். இன்னொன்றும் உண்டு. குடை பிடிக்கிறவனுக்கு ஆராய்ச்சியா என்று சிரிப்பாளோ என்று வெட்கம்.

முதல் தடவை ஒரு கொடி சுமாராக வந்தது. விதைக்கென்று நான் மனதில் குறித்து வைத்திருந்தேன். செமாபோக்கிலிருந்து மைத்துனர் வந்த அன்று அது பொரியலாகித் தட்டில் இருந்தது.

"ஏன் பறிச்ச?" என்று கத்தினேன்.

"நல்லா காய்ச்சிருந்துச்சுங்க. வந்தவருக்கு நல்லதைத்தானே போடணும்?"

அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்வது, எல்லா வீட்டிலும் இதே கூத்துதான். கொழுத்த காயெல்லாம் முதலில் சட்டிக்குப் போகும். கடைசியில் யாரும் சீந்தாத சூம்பல் காய் வேலியில் காய்ந்து கிடக்கும், அடுத்த விதைப்புக்கு அதுதான் விதை. வருஷா வருஷம் மட்டத்தைப் பொறுக்கி நட்டுவிட்டு, முன்ன மாதிரி காய்க்க மாட்டேங்குது என்று மண்ணைத் திட்டுவோம். எனக்கு ஆத்திரமாக வரும்.

மீதிப் பாதியை அடுத்த வருஷம் நட்டேன். அசுவினிப் பூச்சி பாதியைத் தின்றது. பக்கத்து வீட்டுக் கோழிகள் தங்கள் பங்கைக் கிளறின. தப்பியதில் ஒன்று, வேலியின் கோடியில் நின்ற கொடி, என்னைப் பைத்தியமாக்கியது. முழங்கை நீளக் காய்கள், கணுவுக்குக் கணு நான்கும் ஐந்துமாய்த் தொங்கின. அசுவினி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. பாதி முற்றின காய் ஒன்றைப் பிளந்து பார்த்தேன். பயறு ஒரு பாதி வெள்ளை, மறுபாதி செம்மண் நிறம். வேறெந்தக் கொடியிலும் அந்த நிறம் இல்லை. பிஞ்சு முளைக்காது என்று அதைக் கோழிக்கு வீசினேன். அந்தக் கையை வெட்டிப் போட்டாலும் தகும்.

இந்தத் தடவை விடக்கூடாது என்று ஒரு தந்திரம் செய்தேன். மஞ்சள் தேய்த்த கயிற்றைக் கொடியின் அடியில் கட்டி, "இது அம்மனுக்கு நேர்ந்தது, யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

"எனக்குக் கட்டினதைவிட இதுக்குப் பக்தியாக் கட்டிருக்கீங்க" என்று சிரித்தாள் மனைவி. ஆனால் அன்றிலிருந்து குளிக்காமல் அந்தப் பக்கம் போக மாட்டாள். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய குடும்பம்; தமிழ் தெரியாது, பேச்செல்லாம் மலாய். திருநீறு இல்லாமல் மட்டும் வெளியே வர மாட்டார். டத்தோவுக்கு, அதாவது காவல் தெய்வத்துக்கு, நேர்ந்ததா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாளே கோழிகளைக் கூண்டில் அடைத்துவிட்டார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

காய்கள் பழுத்து மஞ்சளாகின. இன்னும் மூன்று நாள் வெயில் காய்ந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை பறித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் திருவிழா. எனக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து சைக்கிளில் நேராகக் கோயிலுக்கே போனேன். நல்ல பசி. வாழையிலைத் துண்டில் சுண்டல் கொடுத்தார்கள். இரண்டு வாய் போட்டிருப்பேன். மூன்றாவது வாய்க்கு அள்ளினபோது கொண்டைக்கடலைக்கு நடுவே பாதி வெள்ளை, பாதி செம்மண் நிறத்தில் மூன்று பயறு இருந்தன.

மனைவி சிரித்த முகமாக வந்தாள். "காலையில தலைக்குக் குளிச்சிட்டு நானே பறிச்சேங்க. எல்லாரும் கேக்குறாங்க, எங்க வாங்குன பயறுன்னு."

"எல்லாத்தையுமா?"

"சாமிக்கு நேர்ந்ததுல மிச்சம் வைக்கலாமா? ஒரு காய்கூட விடல. கொடியையும் அறுத்துப் பக்கத்து வீட்டம்மா ஆட்டுக்குப் போட்டுட்டேன். பிரார்த்தனை முடிஞ்ச கொடியில மறுபடி பறிச்சு நாம திங்கக் கூடாதுல்ல?"

கோயில் மண்டபம் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். இலாகா, துரை, குடை, பொட்டலம் எல்லாம் அப்போதுதான் வாயிலிருந்து கொட்டியது. அதுதான் கடைசி விதை, இனி எங்கேயும் கிடையாது என்றும் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் சுண்டலை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பயந்து அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ரெண்டு வருஷமா ஒரே வேலியில ரெண்டு பேரும் தண்ணி ஊத்துறோம். விதைக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? சொல்லிருந்தா, அந்த அம்மனே வந்து கேட்டாலும் குடுத்திருக்க மாட்டேன்."

வெந்த பயறு முளைக்காது என்பது குடை பிடித்தவனுக்கும் தெரியும். இலையில் இருந்த மூன்றையும் வாயில் போட்டுக்கொண்டேன். ருசி நன்றாகத்தான் இருந்தது.