டெல்மரின் இரண்டு எட்டுகள்

சீட்டு வந்ததும் டெல்மர் அதைத் தூக்கிப் பார்ப்பதில்லை. ஓரத்தை மட்டும் மடக்கி ஒரு கண்ணால் எட்டிப் பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் கம்பளிக் காலுறையை எடுத்து அதன்மேல் வைப்பார். மற்றவர்கள் பாரத்துக்கு நாணயம் வைக்கிறார்கள். டெல்மரும் போன மாதம் வரை கூழாங்கல்தான் வைத்திருந்தார். பேத்தி பிறந்ததும் அவளுக்கென்று இந்தக் காலுறை வாங்கினார். இதன் ஜோடி வீட்டில், ஊருக்குப் போகும் பையில் காத்திருக்கிறது.

ரீனோ நகரில் ஆஸ்பத்திரித் துணி ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். மதியம் வேலை விட்டால் நேராக சூதாட்ட விடுதியின் இந்தப் போக்கர் மேசைதான். பந்தயம் சின்னது, பேச்சு பெரியது. ஓசிக் காபியைத் திட்டிக்கொண்டே மறுபடி ஊற்றச் சொல்வார்.

ஆளுக்கு வரும் இரண்டு சீட்டில் அவரைக் கவிழ்ப்பது நடுவாந்தர ஜோடி. ராஜா ஜோடியை யாரும் ஆடுவார்கள், மூணாம் நம்பர் ஜோடியை யாரும் வீசுவார்கள். இந்த ஏழும் எட்டும் ஒன்பதும்தான் விடவும் விடாது, வாழவும் விடாது. அதுவும் முதலில் பந்தயம் பேச வேண்டிய நாற்காலியில் வந்துவிட்டால் போச்சு. எதிராளி மனசு தெரியும் முன்பே வாயைத் திறந்தாக வேண்டும்.

"எனக்கும் தெரியும்டா. ஆனா கையில இருக்கறப்போ பாவமா இருக்கு" என்பார்.

நாளைக்கு எல்கோவுக்கு பஸ். மகள் வீட்டில் பேத்தியை முதன்முதலாக மடியில் வாங்கப் போகிறார். ஆசை யாரை விட்டது? டிக்கெட் காசையும் பந்தய வில்லையாக மாற்றி முன்னால் அடுக்கியிருந்தார். இது போனால் அடுத்த சம்பளம் வரை பேத்தி செல்போனில்தான்.

வந்தது ஜோடியாய் இரண்டு எட்டு. முதலில் பேச வேண்டியவரும் அவரே. கொஞ்சமாய்ப் போட்டார். கடைசியில் உட்கார்ந்திருந்த முடிவெட்டும் வெண்டல் பந்தயத்தை ஏற்றினான். மற்றவர்கள் சீட்டைத் தள்ளிவிட்டு விலகினார்கள். டெல்மர் விடவில்லை, சேர்த்துப் போட்டார்.

சீட்டுப் போடும் ராக்ஸி நடுவில் மூன்று சீட்டைத் திறந்தாள். ராணி, பத்து, நாலு. எட்டை விழுங்கும் பெரிய சீட்டு இரண்டு, மூன்றாவது எட்டு இல்லை. இப்போதைக்குப் பந்தயம் இல்லை என்று டெல்மர் மேசையைத் தட்டினார். வெண்டல் பெரிதாகத் தள்ளினான். ஈடு கட்டினால் டிக்கெட் காசு உள்ளே போகும்.

"என்ன தாத்தா, எட்டா ஒம்போதா?"

"உனக்கு யார்றா சொன்னா?"

"காலுறைதான். குப்பைன்னா கடாசுவீங்க. நடு ஜோடி வந்தா புள்ளையப் படுக்க வெக்கிற மாதிரி நீவி நீவி வெக்கிறீங்க. மேசைக்கே தெரியும்."

ராக்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வாயை மூடு வெண்டல். அவர் முறை இது."

டெல்மர் காலுறையைப் பார்த்தார். சுருக்கமில்லாமல் நேராகத்தான் படுத்திருந்தது.

"சும்மா மிரட்டறே. உன் கையில ஒண்ணுமில்ல."

"இருக்கலாம். காசப் போட்டுப் பாருங்க."

வழக்கமாக இந்தச் சொல்லுக்கே அவர் கை வில்லைக்குப் போய்விடும். இன்றும் போனது. போன கை அடுக்கின்மேல் அப்படியே நின்றது.

"ஒரு எட்டு வரக்கூடாதா..." என்றார், யாரிடம் என்றில்லாமல்.

வெண்டல் கழுத்தைச் சொறிந்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

டிக்கெட் காசை அப்படியே விட்டுக் கையை அடுக்கிலிருந்து எடுத்தார். காலுறையைக் கட்டைவிரலில் மாட்டினார். அளவாய்ப் பொருந்தியது. அந்த மஞ்சள் பாதத்தாலேயே, கவிழ்ந்து கிடந்த இரண்டு எட்டையும் ராக்ஸி பக்கமாக ஓர் உதை விட்டார்.