மூன்று டிஸ்க்கும் என் முதுகும்

கடலூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் மூன்று ஹார்ட் டிஸ்க் மாட்டிக்கொடுத்த நண்பன், "மச்சான், இதுல ரெண்டு டிஸ்க் ஒரு ஜோடி. ஒண்ணுல போடறது இன்னொண்ணுலயும் அப்படியே ஏறிடும். மூணாவது தனி" என்றான். புரிந்ததுபோல் தலையாட்டினேன். திரையில் புதிதாக டி, இ என்று இரண்டுதான் தெரிந்தன. அவைதான் ஜோடி என்று நானே முடிவுகட்டினேன். இடம் போதாதபோது, சிதம்பரம் கல்யாணப் படங்களை டி-யிலிருந்து அழித்துவிட்டு அங்கே வேறு கல்யாணத்தை ஏற்றினேன். பிறகு இ-யைத் திறந்தால், காலி!

நண்பனுக்குப் போன் போட்டேன்.

"டி தான்டா ஜோடி! ரெண்டும் சேர்ந்து ஒண்ணாத்தான் தெரியும். மீசைய மழிச்சிட்டு கண்ணாடில மட்டும் மீசையத் தேடுவியா?"

அவனாலும் மீட்க முடியவில்லை. கல்யாணப் பெண்ணின் அப்பாவிடம் உளறிக்கொட்டினேன். அவரே என்னைத் தேற்றினார்.

"அழுவாதீங்க சார். சொந்தக்காரங்க போன்ல எடுத்திருப்பாங்க, வாங்கி அனுப்பறேன்."

நான் எங்கே அழுதேன்?

படங்கள் வந்தன. தாலி கட்டும் நேரத்துப் படங்களில் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. குறுக்கே நிற்கும் என் முதுகுதான் இருந்தது. ஒன்றில் மட்டும், என் அக்குளுக்குக் கீழே அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆல்பத்தின் முதல் பக்கம் அதுதான்.

இப்போதெல்லாம் தாலி கட்டும்போது குனிந்துகொண்டுதான் படமெடுக்கிறேன்.