மல்லிகை மணத்த அறை

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து ரிக்‌ஷோவில் கொண்டுவந்து முடுக்கு வாசலில் இறக்கினார்கள். இறங்கியது அம்மாதானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் முடுக்கு, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். அப்பாவின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு, வெயிலுக்குள் நடந்துவந்தாள். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. கப்பல் ஊதினால் அம்மா காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளிப்பாள்; அது அவளுடைய பழக்கம். அன்று சுளிக்கவில்லை. கப்பல் வேறு யாருக்கோ ஊதியதுபோல நடந்துவந்தாள். நான் அதைக் கவனித்தேன். கவனிக்கும்படி எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

சொன்னவள் எதிர்வீட்டு மாமி. எங்கள் வேதக்கோவில் பீடத்துணிகளைத் துவைத்துக் கஞ்சிபோட்டு மடிக்கிறவள் என்பதால், மோட்சத்து விஷயங்களில் அவள் பேச்சுக்கு எங்கள் முடுக்கில் மறுபேச்சில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்பு ஆஸ்பத்திரிக்குச் சுவாமியார் போய் அம்மாவுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டார் என்ற செய்தியை அவள்தான் எனக்கு விளக்கினாள். கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றிலும் எண்ணெயால் சிலுவை போட்டு, அதனால் செய்த பாவங்களைப் பொறுக்கும்படி கேட்பார்களாம்.

"அது போறவைக்குக் குடுக்கிறது பிள்ளை," என்றாள் மாமி, ஒரு பீடத்துணியை உதறிக்கொண்டே. "பூசினாப் பிறகு திரும்பி வாறது வலு அருமை. வந்தாலும், முழுக்க வந்திட்டினமோ எண்டு பார்க்கவேணும்."

எனக்கு அப்போது கோவிலில் முதல் நன்மை வாங்க ஆயத்தப்படுத்தும் வயது, ஏழோ எட்டோ. முழுக்க வராவிட்டால் மிச்சம் எங்கே நிற்கும், அதை யார் போய்க் கூட்டிவருவது என்று மாமியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டில் ஒற்றைப்பிள்ளை. அந்த வேலை என்னுடையதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று யாரும் சொல்லவில்லை. வயிற்றில் வருத்தம், டாக்குத்தர் வெட்டிச் சுகப்படுத்தினார், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் சொல்வார்கள். மிச்சத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். நான் கண்டதெல்லாம் துண்டுதுண்டாகத்தான். வெட்டின அன்று பின்னேரம் அப்பா வீட்டுக்கு வந்தபோது சப்பாத்து முழுவதும் செம்மண். துறைமுகத்தில் கிளாக்கர் உத்தியோகம் பார்ப்பவருக்குச் செம்மண் எங்கே கிடைத்தது? அவர் வாசலிலேயே உட்கார்ந்து, ஒரு குச்சியால் அந்த மண்ணை நெடுநேரம் சுரண்டிக்கொண்டிருந்தார். தட்டினால் போகிற மண்தான். அவர் தட்டவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து சின்னம்மா வந்து குசினியை எடுத்துக்கொண்டாள். மிளகும் உள்ளியும் மஞ்சளும் அம்மியில் அரைபட்டு, நல்லெண்ணெயில் வதங்கி, அந்த மணம் முடுக்கெங்கும் போனது. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போன ஒருத்தி, "ஆருக்குப் பிள்ளை பிறந்திருக்கு, காயச்சரக்கு மணக்குது?" என்று சும்மா சத்தமாகக் கேட்டாள். சின்னம்மா குசினி யன்னலைச் சாத்தினாள். வெக்கைக்குள் கண் கரிக்க நின்று மிச்சத்தையும் அரைத்தாள்.

நான் பரிசோதனையைத் தொடங்கினேன்.

கண்: அறைவாசலில் போய் நின்றால் அம்மா பார்த்தாள். ஆனால் என்னையல்ல. எனக்குப் பக்கத்தில், என் இடுப்பளவுகூட வராத யாரோ நிற்கிறமாதிரி அந்த இடத்தைப் பார்த்தாள். ஒருமுறை நானும் திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர். சுவரில் வெயில்.

வாய்: சின்னம்மா கஞ்சிக்கு உப்புப்போட மறந்த நாளில் அம்மா ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். உப்புக் கொஞ்சம் குறைந்தாலும் கோப்பையைத் தள்ளிவைக்கிற அம்மா.

கை: பொழுதுபட்டதும் நாங்கள் அறைவாசலில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும்போது, அவள் விரலில் மணிகள் நகரவில்லை. உள்ளங்கையைக் குழித்து மடியில் வைத்திருந்தாள், தண்ணீர் ஏந்துகிறவள்போல.

எல்லாவற்றிலும் என்னைப் பயப்படுத்தியது மணம். அம்மாவின் அறை மல்லிகை மணத்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் பூ வைக்கிறதில்லை. பூ சுரூபங்களுக்கு, இல்லையென்றால் சவப்பெட்டிக்கு. பிள்ளையார் கோவில் வாசலில் பூ விற்கிறவளிடம் சின்னம்மா மல்லிகைச் சரம் வாங்கி, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, அம்மாவின் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவாள். வெளியே வரும்போது வெறுங்கை. தேவமாதா சுரூபத்தின் காலடியைப் பார்த்தேன், அந்தோனியாரின் காலடியைப் பார்த்தேன், ஒரு பூகூட இல்லை. மறுநாள் குப்பைவாளியில் அதே மல்லிகை, கசங்கி, மஞ்சளாகி, ஈரமாக, புளித்த பால் நாற்றத்தோடு கிடந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு, வெளிச்சமான வீட்டில், என் மயிர் கூச்செறிந்தது. எண்ணெய் பூசினவர்களுக்கு அறைக்குள் வைத்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சவச்சடங்கு செய்கிறார்கள் என்றுதான் நான் முடிவுகட்டினேன்.

பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவார்கள் என்பது, நான் கலியாணம் கட்டி, எனக்கென்று பிள்ளை பிறந்த பிறகு, ஒரு மருத்துவிச்சி போகிறபோக்கில் சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு அவள் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை.

பாக்கி இருந்தது காது. கப்பலுக்குத் திரும்பாத காதை எதைக் கொண்டு சோதிப்பது? எனக்குச் சத்தமாகச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்று, ஞானோபதேசம் ஒப்புவிப்பது. கேள்வியும் விடையுமாக, இழுத்து, ராகமாக. அடுப்பில் கருவாடு வாட்டப் போட்டுவிட்டுச் சின்னம்மா எதிர்வீட்டு மாமியிடம் ஏதோ கேட்கப் போயிருந்தாள். அப்பா வேலையில். வெளியே மீன்காரன் "மாளு, மாளு" என்று கூவிக்கொண்டு போனான். நான் அறைவாசலில் சம்மணம்கொட்டி உட்கார்ந்து, அன்றைய பாடத்தைத் தொடங்கினேன். ஞானஸ்நானம் பற்றிய பாடம். அது இல்லாமல் இறக்கும் குழந்தைகள் எங்கே போவார்கள்? அவர்கள் வேதனையும் இல்லாமல், சர்வேசுரனைக் காண்கிற ஆனந்தமும் இல்லாமல், ஓரிடத்தில் இருப்பார்கள்.

கட்டில் கிறீச்சிட்டது.

காது வேலைசெய்கிறது. என் சந்தோஷம் சொல்லி மாளாது. அம்மா எழுந்து உட்கார்ந்து, முதன்முறையாக நேரே என்னைப் பார்த்தாள்.

"அதைத் திரும்பச் சொல்லு பிள்ளை."

சொன்னேன். இன்னும் சத்தமாக.

"சுவாமியார் இல்லாட்டி?"

அவசரத்துக்கு ஆணோ பெண்ணோ யாரும் கொடுக்கலாம், சுத்தமான தண்ணீரைத் தலையில் வார்த்துக்கொண்டே வசனத்தைச் சொல்லவேண்டும் என்று ஒப்புவித்தேன்.

"செத்தாப் பிறகு?"

பாடத்தை மனதுக்குள் மேலும் கீழும் தேடினேன். "அப்பிடிக் கேள்வி இல்லையம்மா."

அம்மா தனக்குத்தானே என்பதுபோல, "கூடாது எண்டும் அதில இல்லைத்தானே," என்றாள்.

எழுந்து குசினிக்குப் போனாள். சுவரைப் பிடித்துப் பிடித்து. நான் தரையைப் பார்த்தேன். வியர்த்த பாதங்கள் சிவப்புச் சீமெந்தில் ஒவ்வொன்றாகப் பதிந்து, ஒவ்வொன்றாக உலர்ந்தன. மண்பானையிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீரோடு திரும்பிவந்தாள். பெட்டகத்திலிருந்து வெள்ளைத் துவாய் ஒன்றை எடுத்து மடித்து, சுருட்டி, ஒரு நுனியை உருண்டையாகப் பிடித்து, இடதுகை வளைவில் படுக்கவைத்தாள்.

"இஞ்ச வா. ஞானத்தாய் ஒருத்தி வேணும். இந்த வீட்டில வேற ஆர் இருக்கினம்."

ஞானத்தாய் என்றால் எனக்குத் தெரியும். ஞானஸ்நானத்துக்கு என்னை ஏந்தின சின்னம்மாதான் எனக்கு ஞானத்தாய். நத்தார்ப் பண்டிகைக்குச் சட்டை தருகிறவள். அம்மா பொம்மைவிளையாட்டு விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பெரியவர்கள் பகலில் விளையாடுவது பயங்கரமாகத்தான் இருக்கும் போலும்.

"தலையைப் பிடி," என்றாள்.

நான் கைவைத்தேன். எங்கே வைக்கவேண்டும் என்று யாரும் காட்டவில்லை. கை தானாகப் போய்ச் சரியான இடத்தில் தாங்கியது.

கோவிலில் திரிகாலச் செபத்துக்கு மணி அடிக்கத் தொடங்கியது. அம்மா ஒரு பெயர் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். ஒரே ஒருமுறை சொல்வதற்கென்று வைத்த பெயர். பிறகு பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என்று மூன்றுமுறை தண்ணீரை வார்த்தாள். தண்ணீர் துணிக்குள் ஊறவில்லை. ஒரு நெற்றியைச் சுற்றி ஓடுவதுபோல உருண்டையைச் சுற்றி ஓடி, என் மணிக்கட்டில் விழுந்தது. வெந்நீரல்ல, பானைத் தண்ணீர். என் கைக்குச் சூடாக இருந்தது.

"ஆமென் சொல்லு."

"ஆமென்."

அம்மா துவாயை என் கையில் தந்தாள். நனைந்த துணி பாரமாக இருக்கும். பைப்படியில் எத்தனை துணி பிழிந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தப் பாரம் கையில் ஒருமாதிரிச் சாய்ந்தது. கீழே போட்டுவிடுவேனோ என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். என் சட்டை நனைந்தது. அம்மா என்னைப் பார்த்தபடி நின்றாள். அவள் கண் என் பக்கத்துச் சுவருக்குப் போகவில்லை.

மணி நின்றது.

அம்மா மூக்கை உறிஞ்சினாள். முகத்தைச் சுளித்தாள்.

"கருவாடு கருகுது," என்றாள். "உன்ர சின்னம்மா எங்க துலைஞ்சவள்?"

கண், காது, மூக்கு, வாய், கை, கால். எல்லாம் வந்துவிட்டது. நான் துவாயைக் கட்டிலில் வைத்துவிட்டு முடுக்கைத் தாண்டி ஓடி, எதிர்வீட்டு மாமியிடம், அம்மா முழுக்க வந்துவிட்டாள் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். மாமி சிலுவை போட்டுக்கொண்டாள், பூசின எண்ணெயின் வல்லபத்தைப் பற்றி நாலு வார்த்தை சொன்னாள். சின்னம்மா கருவாட்டை நினைத்துக்கொண்டு எழுந்து ஓடினாள். அன்றைக்குப் பிறகு மல்லிகை வாங்கவில்லை.

நவம்பரில் சகல ஆத்துமாக்களின் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போனோம். எங்கள் ஆட்கள் புதைந்திருக்கும் கல்லறைகளில் மெழுகுதிரி வைத்துச் செபித்து முடிந்ததும், மற்றவர்களெல்லாம் வாசல்பக்கம் திரும்ப, அப்பா மட்டும் பின்பக்கத்து மதிலை நோக்கி நடந்தார். அங்கே மந்திரிக்காத நிலம், ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்கு. சிலுவை ஒன்றும் கிடையாது, புல்லும் செம்மண்ணும்தான். ஓரிடத்தில் நின்று, குனிந்து, மெழுகுதிரி ஒன்றை மண்ணில் நட்டு, நெருப்புக்குச்சியை எடுத்தார்.

அம்மா அந்தக் குச்சியை அவர் கையிலிருந்து வாங்கினாள். என்னிடம் தந்தாள்.

"நீ கொளுத்து. நீதான் கொளுத்த வேணும்."

கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் மண்டியிட்டு, சட்டையை விரித்து மறைத்து, கையைக் குழித்துச் சுடரை உள்ளே வைத்துக் காத்தேன். அது அணையவில்லை. அப்பா தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். வெயிலுக்கு என்று நினைத்தேன். காற்றில் மெழுகுதிரி கொளுத்த என்னைப்போல ஒருத்தி இல்லை என்பது அம்மாவுக்குக் கடைசியில் தெரிந்துவிட்டது என்ற பெருமையில், வீடு சேருமட்டும் நான் இருவருக்கும் முன்னால் நடந்துபோனேன்.