ஒரு தம்ளர் தீர்த்தம்

என் கணவருக்குப் பக்தி வந்தது ஐம்பது வயதுக்கு மேல். அதுவரை எங்கள் கல்யாணத்துக்கும் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் தவிர மாதா கோயில் படியை மிதித்தவரில்லை. ஆவடித் தொழிற்சாலையில் ஷிப்டு, வீட்டுக்கு வந்தால் டிவி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் தனியாகத்தான் போய் வருவேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, அம்பத்தூரில் டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகுதான் மனிதர் மாறினார்.

அந்த வியாதிக்காரருக்குத் தண்ணீர்தான் எதிரி. சிறுநீர் இறங்காது. குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கிக் காலை வீங்க வைக்கும், நுரையீரலில் ஏறி மூச்சை அடைக்கும். நாள் முழுவதற்கும் அரை லிட்டர், காபி, குழம்பு, மோர் எல்லாம் அதற்குள் அடக்கம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் வீட்டில் நானே போலீஸ்காரி. ஃப்ரிட்ஜில் பாட்டில் வைப்பதை நிறுத்தினேன். அவர் சமையலறைப் பக்கம் திரும்பினாலே என் குரல் உயரும். மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் மதகுத் தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். உதடு வெடித்துப்போன மனுஷன் கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, ரிமோட்டைப் பிடுங்கிச் சேனலை மாற்றினேன்.

அந்த மாதம்தான் செபக்கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார். குவார்ட்டர்ஸில் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வது வழக்கம். முழங்கால் போட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். முடிந்ததும் அந்த வீட்டு அக்கா மந்திரித்த தீர்த்தத்தை ஒரு தம்ளரில் ஊற்றிக் கொடுத்து, விசுவாசத்தோடு குடிக்கச் சொன்னார். நான் தடுக்கவில்லை. மாதா கொடுப்பதை அளந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு காலையில் கோயிலுக்கு அவரே மெல்ல நடந்து போனார். சாயங்காலம் தெரிந்த வீடுகளுக்குப் போய்த் தனக்காகச் செபிக்கச் சொல்லிக் கேட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். நோயாளிகளின் ஆன்மிகத்துக்கும் உடல்நலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அளக்கிறார்களாம். கடவுள் கூடவே இருப்பதாக உணர்கிறீர்களா, செபம் மனதுக்கு ஆறுதல் தருகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். ஒருபோதும் இல்லை, சில நேரம், பல நேரம், எப்போதும். இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் “எப்பவும்” என்றார் என் கணவர். இந்த வார்டிலேயே அங்கிளுக்குத்தான் மார்க் அதிகம் என்று அவள் சொன்னபோது, நானே பரீட்சையில் பாஸானதுபோல் பூரித்துப்போனேன்.

ஆனால் எடை மிஷின் வேறு கதை சொன்னது. ஒவ்வொரு முறை ஏறி நின்றபோதும் நாலு கிலோ, ஐந்து கிலோ கூடியிருந்தது. வீட்டில் என்னதான் கொடுக்கிறீர்கள் என்று டெக்னீஷியன் பையன் என்னைத்தான் திட்டினான். நான் உப்பைக் குறைத்தேன், குழம்பைக் குறைத்தேன், பாத்ரூம் குழாயைக்கூடச் சந்தேகப்பட்டேன். ஒரு மத்தியானம் அவருக்கு மூச்சு நின்றுவிடும் போலாயிற்று. ஆட்டோவில் முன்பக்கம் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தவரின் நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம். அம்பத்தூர் வரை மாதாவைக் கூப்பிட்டேன், கூப்பிட்ட வாயாலேயே திட்டினேன். நுரையீரலெல்லாம் தண்ணீர், இந்த முறை தப்பித்தார், அடுத்த முறைக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அவர் தேறிய பிறகு அந்தப் பெண் இரண்டாம் சுற்றுக்கு வந்தாள். பக்தி இவ்வளவு கூடியும் உடம்பு ஏன் இப்படி மோசமாகிறது என்று அவளுக்குக் குழப்பம். செபத்தில் உங்களுக்கு என்னதான் கிடைக்கிறது என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். அவர் ஒரு தரம் என்னைப் பார்த்தார்.

“தண்ணிம்மா” என்றார். “சும்மா கேட்டா எவனும் தர மாட்டான். தீர்த்தம் கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாங்கோ. நாலு ஊடு போனா நாலு கிளாஸு.”

அப்படியானால் கடவுள் நம்பிக்கை என்று அவள் இழுத்தாள்.

“நாக்கு காஞ்சிகினு கெடக்கசொல்ல, வேற இன்னாத்த நம்புறது?”

முன்பு எழுதிய பதிலை அடித்துவிடவா என்று அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். எனக்கு அவர்மேல் வந்த கோபமெல்லாம் அவள்மேல் பாய்ந்தது. தாகத்துக்கும் சேர்த்து ஒரு கேள்வி போட்டுக்கொண்டு வா என்று கத்தினேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அங்கேயும் தண்ணீர்தான்.

மறுநாள் வீடு வீடாகப் போய், அவருக்குக் குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். தீர்த்தம் கெடுதல் செய்யுமா, உனக்கு விசுவாசம் போய்விட்டதா என்று ஒருத்தர் கேட்டார். செத்தால் நீங்களா வந்து தூக்குவீர்கள் என்று நான் கேட்டேன். கடைசியில், நெற்றியில் சிலுவை மட்டும் போடுவதென்று ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டம் எங்கள் வீட்டில். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். வந்து நாற்காலியில் உட்கார்ந்து செபமாலை முழுவதும் சொன்னார். முடிந்ததும், முதன்முதலில் தம்ளரில் தீர்த்தம் கொடுத்த அந்த அக்கா தீர்த்தத்தில் விரலைத் தாராளமாக முக்கி அவர் நெற்றியில் சிலுவை வரைந்தார். ஒரு சொட்டு மூக்கோரமாக இறங்கி மேலுதட்டுக்கு வந்தது. எல்லோரும் ஆமென் சொல்லிக் கண்மூடியிருந்த நேரத்தில் அவர் நாக்கை நீட்டி அதை எடுத்துக்கொண்டார்.

பிறகு என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“இன்னொரு தபா போடச் சொல்லுமே.”

விரலை உதறிவிட்டுப் போடுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன்.